மூடி மூடித்தான் இருக்கிறது, வண்டிதான் நம்பவில்லை

கானாடுகாத்தானில் ஒரு சாந்தி வீடு, அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷம். வாசலில் பந்தல், தெரு நெடுக கார். அதில் ஒன்று மட்டும் பேனட்டைத் திறந்துகொண்டு நின்றது. முதல் நாள் ராத்திரி சென்னையிலிருந்து வந்த சி.என்.ஜி வண்டி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடுவது. காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். செல்ஃப் எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பேட்டரி போய்விட்டது என்றார் ஒருவர். ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார் இன்னொருவர். பந்தல்காரர் ஆள் கூட்டித் தள்ளவே தயாராக இருந்தார். வண்டிக்காரர் மட்டும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

மீட்டர் போர்டைப் பார்த்தேன். டேங்க் மூடி திறந்திருக்கிறது என்று சின்னதாக ஓர் எச்சரிக்கை எரிந்துகொண்டிருந்தது. அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மூடி மூடித்தான் இருந்தது என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டு ஆச்சி ஒருவர் வந்து மூடியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூடித்தானப்பா இருக்கு, இது என்ன பொய் சொல்லுது?" என்றார்.

வண்டி பொய் சொல்லவில்லை. அதற்கு வந்து சேர்ந்த செய்தி தப்பு. காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் ஒயரிங் வேலை பார்க்கிறேன். இந்த மூடி சென்சார் விவகாரத்தில் மட்டும், வண்டி கெட்டதைவிட மனிதர்கள் அவசரப்பட்டுக் கெடுத்ததுதான் அதிகம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்த மூடிக்கு எதற்கு ஒரு சென்சார் என்று கேட்பவர்களுக்கு. சி.என்.ஜி சிலிண்டரில் கேஸை 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். நாம் டயருக்கு அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதைப் போலத் தொண்ணூறு மடங்கு அழுத்தம் ஒரு குழாய் வழியாக உங்கள் வண்டிக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது, டிரைவர் சீட்டில் இருப்பவர் ஞாபக மறதியில் வண்டியைக் கிளப்பினால் என்ன ஆகும்? பங்க் குழாயில் இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் இணைப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது கடைசிக் காப்பு. அதற்கு முன்னால் வண்டியே கிளம்பாமல் இருப்பது நல்லது இல்லையா? அதற்காகத்தான் கம்பெனியிலிருந்தே சி.என்.ஜியோடு வரும் கார்களில் கேஸ் அடிக்கும் மூடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைக்கிறார்கள். மூடி திறந்திருந்தால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோலுக்கு மாற்றிப் போட்டாலும் ஆகாது. பல கார்களில் பெட்ரோல் வாயும் கேஸ் வாயும் ஒரே மூடிக்குள் அக்கம்பக்கமாக இருக்கும். வெளியே கிட் மாட்டிய வண்டிகளில் கேஸ் வாய் பேனட்டுக்குள் இருக்கும், அங்கேயும் இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதுண்டு.

சி.என்.ஜி இல்லாத வண்டிகளிலும் இந்தச் சமாசாரம் உண்டு. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு வைத்த பெரிய வண்டிகள் சிலவற்றில், டேங்க் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கக் கதவு முழுசாகத் திறக்காது. கதவு போய் மூடியில், குழாயில் இடித்துவிடக் கூடாதே என்று. எலெக்ட்ரிக் கார்களில் சார்ஜ் மூடிக்கும் இப்படிக் காவல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மூடியின் நிலையை ஒரு சுவிட்ச் பார்க்கிறது, அதை இரண்டு மூன்று கம்பி சுமந்து போகிறது, வண்டியின் கம்ப்யூட்டரான இ.சி.யூ படித்து முடிவெடுக்கிறது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பாதுகாப்புக்காக வைக்கும் சர்க்யூட்டைப் பெரும்பாலும், கம்பி அறுந்தாலும் வண்டி கிளம்பாத மாதிரிதான் அமைப்பார்கள். மூடி மூடியிருக்கும்போது சுவிட்ச் சேர்ந்திருக்கும், திறந்தால் பிரியும். சுவிட்ச் பிரிந்தாலும் சரி, கம்பி அறுந்தாலும் சரி, கனெக்டர் கழன்றாலும் சரி, இ.சி.யூவுக்குப் போய்ச் சேரும் செய்தி ஒன்றுதான்: "மூடி திறந்திருக்கிறது." மாற்றி அமைத்திருந்தால் கம்பி அறுந்ததை வண்டி கவனிக்காமலே ஓடும், என்றாவது ஒரு நாள் குழாயோடு கிளம்பும். அதாவது கானாடுகாத்தானில் நின்ற அந்த வண்டி, தனக்குச் சந்தேகம் வந்ததும் நின்றுவிட்டது. செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி வைப்பதில்லை. மூடி திறந்தால் சேரும் சுவிட்சும் உண்டு. மூன்று கம்பி வரும் காந்த சென்சாரும் உண்டு. சில வண்டிகளில் சுவிட்சுக்குள்ளேயே சின்ன ரெசிஸ்டர் (மின்தடை) வைத்து, "மூடி திறந்திருக்கிறது" என்பதையும் "கம்பி அறுந்திருக்கிறது" என்பதையும் இ.சி.யூ பிரித்துப் பார்க்கும்படி செய்திருப்பார்கள். அந்த மாடலின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் அளக்க மல்டிமீட்டரை எடுத்தால், சரியாக இருப்பதைத் தப்பு என்று முடிவு கட்டிவிடுவோம்.

சரி, சாந்தி வீட்டு வண்டிக்கு வருவோம்.

முதல் வேலை, பேட்டரி. செட்டிநாட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே பெரிய வீடுகளில் வண்டி மாதக்கணக்கில் செட்டில் நிற்கும். பொங்கலுக்கோ, தைப்பூசத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோதான் வெளியே வரும். பேட்டரி வோல்டேஜ் இறங்கிவிட்டால் நவீன வண்டி கன்னாபின்னா என்று எதை எதையோ கெட்டுப்போனதாகக் காட்டும். அதை நம்பி, இ.சி.யூவில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒரு டஜன் எரர் கோடு (கோளாறுக் குறியீடு) வரிசை கட்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2க்கு வந்தால் பாதி காலி. இந்த வண்டியில் 12.5 இருந்தது. பேட்டரியைச் சந்தேகித்தவர் பந்தலுக்குள் போய்விட்டார்.

அடுத்தது மூடி. பெட்ரோல் வாயின் உள்மூடி இறுக்கமாக இருக்கிறதா, கேஸ் வாசனை ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இது முக்கியம். சுவிட்சைச் சோதிக்கும்போது எங்கேயாவது பொறி பறக்க வாய்ப்புண்டு. சி.என்.ஜி காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். பெட்ரோல் ஆவி அப்படியில்லை, கனமானது, கீழே தங்கும். அதனால் இந்த வேலையை மூடிய செட்டுக்குள் செய்ய மாட்டேன். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்துதான் செய்வேன். வாசனை வந்தால் மீட்டரையே தொடக் கூடாது. சிலிண்டர் வால்வைக் கையால் அடைத்து, கதவு டிக்கி எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

மூடியைத் திறந்து, சுவிட்சின் நாக்கை விரல் நுனியால் அழுத்தினேன். டிக். விட்டேன். டிக். சத்தம் சுத்தமாக இருந்தது. ஸ்கேனரை மாட்டி லைவ் டேட்டாவில் மூடி நிலையைப் பார்த்தால், அழுத்தினாலும் விட்டாலும் "திறந்திருக்கிறது" என்றே நின்றது. அப்போது வண்டிக்காரர் ஒன்று சொன்னார்: "ரெண்டு மாசமாவே மூடியில ஒரு தட்டுத் தட்டினா ஸ்டார்ட் ஆயிரும் தம்பி. இன்னைக்குத்தான் தட்டுக்கும் மசியல."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பத்து நிமிடம் மிச்சம். தட்டினால் சரியாகிறது என்றால், எங்கேயோ கான்டாக்ட் இருப்பதும் இல்லாததுமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தட்டிச் சரியாவது எதுவும் சரியானதாகாது. வைத்தியரிடம் சொல்வது போல மெக்கானிக்கிடமும் பழைய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சக்கரத்துக்கு மேலே உள்ள உறையைக் கழற்றினால் சுவிட்சின் கனெக்டர் தெரியும். இந்த மாடலில் இ.சி.யூ தன் உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பும். மூடி மூடினால் சுவிட்ச் அந்தக் கம்பியை எர்த்தோடு சேர்க்கும். ஆக மூடி திறந்திருந்தால் மீட்டரில் 5 வோல்ட், மூடினால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு, வண்டிப் பக்கம் வரும் கம்பியில் அளந்தேன். திறந்திருக்கும்போது 5. சரி. நாக்கை அழுத்தினால் 1.8.

பூஜ்யமும் இல்லை, ஐந்தும் இல்லை. இந்த மாதிரி நடுவாந்தர எண்ணைக் கண்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் அதுவே வழி காட்டிவிடும். கம்பி அறுந்திருந்தால் 5லேயே நின்றிருக்கும். இறங்கியிருக்கிறது, ஆனால் முழுசாக இறங்கவில்லை. வழியில் எங்கேயோ தடை. இ.சி.யூவுக்குள் இருப்பது 1,000 ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடி மூடியிருக்கும்போது இந்தப் பக்கம் ஓம் கணக்கே இருக்கக் கூடாது. இங்கே 560 ஓம் போல ஒன்று உட்கார்ந்தால்தான் 1.8 வரும். இ.சி.யூ அதைப் பார்த்து, சேர்ந்திருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று தெரியாமல், பத்திரமான பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டது.

எர்த் பக்கத்தை அளந்தேன். பேட்டரி நெகட்டிவுக்கும் சுவிட்ச் எர்த்துக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு உள்ளேயே இருந்தது. எர்த் நல்லது. மிச்சம் இருப்பது சுவிட்சும் கனெக்டரும். கனெக்டரைப் பிரித்தேன். சிக்னல் பின்னில் பச்சை பூத்திருந்தது. பழைய பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஏறுமே, அந்தக் களிம்புப் பச்சை. எர்த் பின் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பின் மட்டும் ஏன் அப்படி அரிக்கிறது என்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் கேட்டான். அடடா, காரைக்குடிப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியா! வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதற்கென்றே அங்கே ஒரு படை வேலை செய்கிறது. கடல் காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்தில் தனியாக ஓர் இடமே வைத்திருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு படிப்பு கிடையாது. தெரிந்ததைச் சொன்னேன்: இரண்டு பின்னுக்கு நடுவில் ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கம் முதலில் கரையும். இந்தச் சர்க்யூட்டில் இன்னொரு கூத்து. மூடி மூடியிருக்கும் வரை இரண்டு பின்னிலும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் அரிப்பு மெதுவாகத்தான் தொடங்கும். கொஞ்சம் களிம்பு ஏறியதும் தடை கூடும், வோல்டேஜ் நிற்கத் தொடங்கும், அப்புறம் அரிப்பு வேகம் பிடிக்கும். வட்டிக்கு வட்டி மாதிரி. இந்த ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை.

தவிர, இப்படிப்பட்ட சென்சார் கம்பிகளில் ஓடும் மின்சாரம் சில மில்லி ஆம்பியர்தான். ஹாரன், லைட் மாதிரி சாமான்களின் சுவிட்சில் பெரிய மின்சாரம் ஓடும், மேலே படியும் மெல்லிய படலத்தை அதுவே எரித்துத் தள்ளிவிடும். சென்சார் கம்பிக்கு அந்தத் தெம்பு இல்லை. ஒரு தலைமுடி அளவு களிம்பு போதும், நின்றுவிடும்.

சரி, ஈரம் எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் பின்னை மட்டும் மாற்றினால் அடுத்த ஐப்பசியில் அதே வண்டி அதே இடத்தில் நிற்கும். டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கிண்ணம் மாதிரி குழி இருக்கிறதல்லவா, அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. மூடி இடுக்கு வழியாக இறங்கும் மழைத்தண்ணீரும் வண்டி கழுவும் தண்ணீரும் அதன் வழியாக வெளியே போய்விட வேண்டும். இந்த வண்டியில் அந்தத் துளை இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் அடைத்து, இறுகி, மேலே காய்ந்த வேப்பம்பூ. குழியில் தண்ணீர் நின்று, சுவிட்சின் ரப்பர் ஓரம் வழியாகக் கசிந்து, கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது.

அந்த வீட்டு ஆச்சிக்கு இதை விளக்க எனக்கு இரண்டு வார்த்தைதான் தேவைப்பட்டது. முற்றத்தைக் காட்டி, "மடை அடைச்சுக்கிச்சு ஆச்சி" என்றேன். நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, மடை வழியாக வெளியேறும்படி கட்டிய வீடு அது. மடை அடைத்தால் வளவு முழுக்கத் தண்ணீர் என்பது அவர்களுக்குத் தெரியாதா? உடனே ஒருத்தரை விளக்குமாறு எடுத்து வரச் சொன்னார். ஓர் ஈர்க்குச்சியை உருவி என் கையில் கொடுத்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஈர்க்குச்சிதான் சரி. வளையும், பெயின்டைக் கீறாது, துளைக்குள் ரப்பர் குழாய் இருந்தால் கிழிக்காது.

பின்னைச் சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. எமரி தாளைப் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். பளபள என்று ஆகும், பார்க்க அழகுதான். ஆனால் பின் மேலே வெள்ளீய முலாம் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் செம்புக் கலவை வெளியே வந்துவிடும், முன்பைவிட வேகமாக அரிக்கும். லேசாகப் படிந்திருந்தால் கான்டாக்ட் ஸ்பிரே போதும். பச்சை ஆழமாக ஏறியிருந்தால் பின்னை வெட்டிப் புதுப் பின் போட்டு அதற்குரிய கருவியில் அழுத்துவதுதான் வேலை. கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வேலையில்லை. இந்த வண்டிக்கு இரண்டு பின்னும் ரப்பர் சீலும் புதுசு போட்டேன். மீண்டும் அளந்தேன்: 0.02 வோல்ட். செல்ஃப் எடுத்தது. சுவிட்ச் பழசேதான். அதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடம் முன்பு தேவகோட்டை ரஸ்தா பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. இதே நோய். ஸ்கேனரில் மூடி சர்க்யூட் கோடு இருந்தது, நான் நேராகப் புது சுவிட்ச் வரவழைத்து மாற்றிவிட்டேன். ஸ்டார்ட் ஆனது, காசு வாங்கினேன், அனுப்பினேன். பத்தாம் நாள் திரும்பி வந்தது. சர்க்யூட்டை மறுபடி அளந்தால் எல்லாம் சரி. விரலால் நாக்கை அழுத்தினால் இ.சி.யூ "மூடியிருக்கிறது" என்கிறது. மூடியைப் போட்டால் ஒரு சமயம் மூடியிருக்கிறது, ஒரு சமயம் திறந்திருக்கிறது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் மூடியின் உள்பக்கம் கொஞ்சம் பழைய கிரீஸைத் தடவி, மூடித் திறந்து பார்த்தேன். சுவிட்ச் நாக்கில் கிரீஸ் ஒட்டவே இல்லை! மூடியின் கை நாக்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

அந்த வண்டிக்குப் பின்பக்கம் அடிபட்டு டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. மூடியை மாட்டும்போது கீல் ஒரு 2 மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. விரலை ஓரமாக ஓட்டினால் லேசாகத் தட்டுப்படும். புது சுவிட்சின் நாக்கு பழசைவிடச் சற்றே விறைப்பாக வெளியே நீண்டிருந்ததால் பத்து நாள் ஓடியிருக்கிறது. நான் கெட்டுப்போகாத சுவிட்சை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். சர்க்யூட் கோடு வந்தால் சர்க்யூட்டில்தான் கோளாறு இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். சுவிட்சை எது அழுத்துகிறது என்பதும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். அன்றிலிருந்து, விரலால் அழுத்தினால் சரியாகக் காட்டும் எந்த மூடி சென்சார் வண்டி வந்தாலும் மீட்டருக்கு முன்னால் கிரீஸ்.

இனி, உண்மையில் என்னை எழுத வைத்த விஷயம். "டைரக்ட்."

நீங்கள் கேட்டிருப்பீர்கள். "அண்ணே, சுவிட்ச் வேணாம், ரெண்டு கம்பியையும் சேத்து டைரக்ட் பண்ணிவிட்டேன், இனிமே தொந்தரவே வராது." மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் இ.சி.யூவுக்கு எப்போதும் "மூடியிருக்கிறது" என்றே செய்தி போகும். ஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு. வண்டிக்காரருக்கும் மகிழ்ச்சி. அடுத்த முறை பங்கில் கேஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்சீட்டுப் பிள்ளை அழுகிறது என்று ஏசி போட ஒருவர் சாவியைத் திருப்பினால், தடுக்க ஆள் இல்லை.

ஒரு வண்டி வந்தது. வேறு ஊரில், எங்கே என்று சொல்லவில்லை, ஒரு கடையில் டைரக்ட் செய்திருக்கிறார்கள். அதற்காக வரவில்லை. ஏசி குளிரவில்லை என்று வந்தது. பின்பக்க உறையைக் கழற்றும்போது நீல டேப் சுற்றிய ஒரு துண்டுக் கம்பி கையில் பட்டது. வண்டிக்காரரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது. "சென்சார் மாத்தினோம்னு சொல்லித்தானே பில் போட்டாங்க" என்றார். ஒன்றரை வருடமாக அந்தக் குடும்பம் அந்தக் காவல் இல்லாமலே கேஸ் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலுக்கும் அந்த வண்டியில்தான் போய் வந்தார்களாம். இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை எந்தச் சாமி காத்ததோ.

இரண்டு கம்பியைச் சேர்த்துப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சோதனைக்கு நானும் செய்வேன். மூடினால் சேரும் வகை சர்க்யூட்டில், சுவிட்சைக் கழற்றிவிட்டு வண்டிப் பக்கக் கனெக்டரில் இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பார்த்தால், இ.சி.யூ "மூடியிருக்கிறது" என்று மாற வேண்டும். மாறினால் இ.சி.யூவும் கம்பியும் நல்லது, கோளாறு சுவிட்ச் பக்கம். மாறவில்லை என்றால் கோளாறு கம்பியில் அல்லது அதற்கு அப்பால். ஒரு நிமிடச் சோதனை. முடிந்ததும் கம்பி என் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ரெசிஸ்டர் வைத்த சுவிட்சாக இருந்தால் இந்தச் சோதனையும் செல்லாது. இ.சி.யூ அதை ஷார்ட் என்று கண்டுபிடித்து வேறு ஒரு கோடு போடும். டைரக்ட் செய்பவர்களின் வேலை அந்த வண்டிகளில் பலிக்காது என்பதில் எனக்கு ஒரு குரூரத் திருப்தி உண்டு.

டெஸ்ட் லேம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை இ.சி.யூவின் சென்சார் கம்பியில் குத்தக் கூடாது. பல்பு இழுக்கும் மின்சாரம் அந்தக் கம்பிக்கு அதிகம், இ.சி.யூவின் உள்ளே எதையாவது எரித்துவிடும். ஆனால் கம்பியை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டால் அதே பல்பு பெரிய நண்பன். மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். பிரித்த கம்பி வழியாக ஒரு 5 வாட் பல்பை எரித்துப் பாருங்கள், மங்கினால் கம்பி சரியில்லை. இந்தச் சின்னக் கம்பிகளுக்கு 21 வாட் பல்பு வேண்டாம்.

எலி பற்றிச் சொல்லாமல் விட்டால் செட்டிநாட்டு மெக்கானிக் இல்லை. பூட்டிய வீட்டுக் கார் செட்டில் நிற்கும் வண்டியின் பின்சக்கரக் குழிக்கு மேலே எலி குடித்தனம் செய்யும். மூடி சென்சாரின் கம்பி அந்த வழியாகத்தான் வரும். எலி கடித்ததைக் கண்டுபிடிப்பது சுலபம், புழுக்கை சாட்சி சொல்லும். கடித்த இடத்தை மட்டும் ஒட்டாமல் ஒரு முழம் இந்தப் பக்கமும் ஒரு முழம் அந்தப் பக்கமும் பார்த்துவிடுங்கள். எலி ஓரிடத்தோடு நிறுத்துவதில்லை.

இப்படிப்பட்ட சி.என்.ஜி வண்டி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்? "மூடி திறந்திருக்கும்போது எத்தனை வோல்ட், மூடினால் எத்தனை?" என்று கேளுங்கள். இரண்டு எண் சொன்னால் அளந்திருக்கிறார். "சென்சார் போயிடுச்சு சார்" என்று மட்டும் சொன்னால் அளக்கவில்லை. வேலை முடிந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன், டேங்க் மூடியை நீங்களே திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் உள்ளே எங்கேயோ நீல டேப் இருக்கிறது. அப்படியே கேஸ் சிலிண்டரின் சோதனைத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதைச் சோதிக்க வேண்டும். மூடிக்குப் பக்கத்திலோ பேனட்டுக்குள்ளோ ஒட்டிய தகட்டில் தேதி இருக்கும்.

கானாடுகாத்தான் வண்டிக்காரர் போன மழைக்கு சென்னையிலிருந்து போன் செய்தார். நான் பயந்துகொண்டேதான் எடுத்தேன். மறுபடி நின்றுவிட்டதோ என்று.

"இல்லப்பா, வண்டி ஓடுது. வீட்ல இருக்கிற மூணு வண்டியிலயும் ஈர்க்குச்சி விட்டுப் பாத்தேன். மூணுலயும் அடைப்பு. ஒரு கைப்பிடி செம்மண் வந்துச்சு. நம்ம ஊரு மண்ணுதான் தம்பி, இத்தனை வருஷமா கொண்டாந்து இங்க கொட்டியிருக்கேன்."